'டோன்ட் கெட் காக்கி' என்றால் என்ன சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் சி, ஓ, சி, கே, ஒய் என்று எழுதி 'காக்கி' என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'ஆணவம் கொண்ட', 'திமிர் பிடித்த' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 'அரகன்ட்' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யாரிடம், எந்த இடத்தில் இதைச் சொல்லலாம்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் திறமைமேல் உள்ள நம்பிக்கை அளவு மீறிப்போய், அது நடையிலும் பேச்சிலும் சிரிப்பிலும் வெளியே தெரிய ஆரம்பித்து, பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் மூட்டும் நிலைக்கு வந்தால் அதுதான் காக்கி. 'ஆணவம்' என்று மொழிபெயர்த்தால் பாதி கதை விட்டுப்போகும். ஆணவம் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒரு குணம். காக்கி வெளியே தெரிகிற ஒரு தோரணை. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

அகராதிப் பொருளை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதத்திலேயே கடினமான ஒரு வேலையைத் தனியாளாக முடித்துக் கொடுத்தான். வெளிநாட்டில் இருந்த மேலாளர் அவனுக்கு இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். முதல் வரி, 'அருமையான வேலை'. இரண்டாவது வரி, 'டோன்ட் கெட் காக்கி'. தம்பி அகராதியைப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணே, நான் அவர்கிட்ட திமிரா ஏதாவது பேசிட்டேனா? மன்னிப்புக் கேட்டு எழுதணுமா?" என்று கேட்டான். அந்த மின்னஞ்சலை வாங்கிப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மனிதர் அவனைத் திட்டவே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பாராட்டிவிட்டுக் கடைசியில், "சரி, தலைக்கு ஏத்திக்காதே" என்பார்களே, அதைத்தான் அவர் எழுதியிருந்தார். கொஞ்சம் செல்லமும் கொஞ்சம் எச்சரிக்கையும் கலந்த வாக்கியம் அது. 'நீ இப்போது காக்கியாக இருக்கிறாய்' என்று அதற்குப் பொருள் இல்லை. 'ஆகிவிடாதே' என்றுதான் பொருள். 'கெட்' என்ற அந்தச் சின்னச் சொல் அங்கே பெரிய வேலை செய்கிறது.

இனி சொல்லின் பிறப்புக்கு வருவோம். 'காக்' என்றால் சேவல். அதன் பின்னால் ஒரு 'ஒய்' சேர்ந்து காக்கி ஆனது, அதாவது சேவல்தனமான. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் முதலில் எழுத்தில் வந்தபோது அதற்குக் காம வேட்கை உள்ளவன் என்ற பொருள் இருந்தது. இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. கோழிகளுக்கு நடுவே சேவல் நடக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் எப்படி வந்தது என்று விளக்கவே வேண்டாம். நெஞ்சை முன்னே தள்ளி, கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் எடுத்து வைக்கும்போதே தலையை ஒரு வெட்டு வெட்டி நடக்கும். அந்த நடைதான் இந்தச் சொல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குச் சேவல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வீரம். முருகனின் கொடியில் இருப்பது சேவல். ஆங்கிலேயருக்கோ அதே பறவை வீண் ஜம்பத்தின் உருவம். சேவல் எதுவாக இருந்தாலும் தன் குப்பைமேட்டில் கூவத்தான் செய்யும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. தமிழில் யோசித்துவிட்டு 'சேவல் போன்றவன்' என்று புகழ்ச்சியாகப் புரிந்துகொண்டால் தடம் மாறிப்போகும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூலச்சொல்லுக்கு இன்றைய ஆங்கிலத்தில் ஆணுறுப்பு என்ற கொச்சைப் பொருளும் உண்டு. அமெரிக்கர்கள் சேவலை 'ரூஸ்டர்' என்று அழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காக்கி என்ற சொல்லில் அந்த ஆபாசம் ஒட்டவில்லை. குழந்தைகள் முன்னாலும் சொல்லலாம், செய்தித்தாளிலும் எழுதலாம். சுருக்கிச் சொல்வதாக நினைத்து 'ஒய்'யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் எழுதும்போது சீருடை நிறத்தைக் குறிக்கும் காக்கியும் இந்தக் காக்கியும் ஒன்றாகிவிடுகின்றன. சீருடைக் காக்கி, பாரசீக வழியில் உருதுவுக்கு வந்த 'காக்', அதாவது தூசி, மண் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பிரிட்டிஷ்காரர்கள் நிறத்தைச் சொல்லும்போது 'கா' என்று நன்றாக நீட்டுவார்கள். நம் சொல்லை உதட்டைக் குவித்துக் குறுக்கி, 'கா'வுக்கும் 'கொ'வுக்கும் நடுவில் ஓர் ஒலியாகச் சொல்வார்கள். அமெரிக்கர்களிடம் இது அப்படியே புரண்டுவிடும். நம் சொல் அங்கே 'காக்கி' என்று நன்றாகத் திறந்து ஒலிக்கும், நிறம் 'கேக்கி'க்குப் பக்கத்தில் போய்விடும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது குழம்பாது.

அப்புறம், அரகன்ட், கான்ஃபிடன்ட், காக்கி ஆகிய மூன்றையும் அவற்றின் வேரைப் பார்த்துப் பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கான்ஃபிடன்ட் என்பது நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே அது ஒருவர் தன்னை நம்புவது. அரகன்ட் என்பது 'இது எனக்குரியது' என்று உரிமை கோருவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தனக்கு உரியதைவிட அதிகமாகக் கேட்பவன், மற்றவர்கள் தனக்குக் கீழே என்று நினைப்பவன் அரகன்ட். காக்கிக்கு லத்தீன் பெருமை எதுவும் இல்லை, அது கோழிக்கூண்டிலிருந்து நேராக வந்த சொல். அதனால்தான் இன்றும் அது பேச்சுவழக்குச் சொல்லாகவே இருக்கிறது, உடலோடும் தோரணையோடும் ஒட்டியிருக்கிறது. 'எ காக்கி க்ரின்' என்றால் ஓரப்பார்வையோடு வருகிற அந்த மிதப்பான சிரிப்பு. 'அரகன்ட் க்ரின்' என்று அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தோரணை விஷயத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் நடந்த குத்துச்சண்டையை. 22 வயது கேஷியஸ் கிளே, பிற்பாடு முகமது அலி, உலகச் சாம்பியன் சன்னி லிஸ்டனை எதிர்த்து இறங்கினார். லிஸ்டன் சாதாரண ஆள் இல்லை. முந்தைய சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனை 1962லும் 1963லும் இரண்டு முறை முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர். பந்தயக்காரர்கள் 7க்கு 1 என்று லிஸ்டன் பக்கம் நின்றார்கள். கிளேயோ, 'நான்தான் மகத்தானவன்' என்று போகிற இடமெல்லாம் கத்திக்கொண்டிருந்தார். எந்தச் சுற்றில் எதிராளி விழுவான் என்று பாட்டுக் கட்டிச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் பலருக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. அவர்கள் பார்வையில் அவர் காக்கியின் மொத்த உருவம்.

சண்டை நாள் காலையில் எடை பார்க்கும்போது அவர் போட்ட கூச்சலில் அறையே அதிர்ந்தது. அப்போது மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தால் அது நிமிடத்துக்கு 120ஐத் தொட்டிருந்தது. வழக்கமாக அவருக்கு 54தான். பயத்தில் இருக்கிறான் என்று மருத்துவரே நினைத்தார். அதாவது வெளியே சேவல், உள்ளே என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அன்று இரவு, ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் தன் மூலையில் இருந்த முக்காலியை விட்டு எழவே இல்லை. கிளே கயிற்றின் மேல் ஏறிப் பத்திரிகையாளர்களைப் பார்த்து, 'சொன்ன சொல்லை விழுங்குங்கள்' என்று கத்தினார்.

அந்த இரவுக்குப் பிறகு அவரைக் காக்கி என்று சொல்வதா, கான்ஃபிடன்ட் என்று சொல்வதா? வாய் அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஜெயித்தவுடன் மற்றவர்கள் பயன்படுத்தும் சொல்தான் மாறுகிறது. ஏழு வருடம் கழித்து, 1971 மார்ச் 8 அன்று, அதே வாயோடு ஜோ ஃப்ரேசியரிடம் 15 சுற்று ஆடித் தோற்றார். கடைசிச் சுற்றில் தரையில் விழுந்து எழுந்தார். அன்று அவர் தோற்றதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள். காக்கி என்பது ஒருவரின் உள்ளே இருப்பதை அளக்கும் சொல் அல்ல, பார்க்கிறவரின் தீர்ப்பு என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டு தேதிகளும் போதும்.

இதனாலேயே இந்தச் சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இளையவர்கள்மேல்தான் இது அதிகம் விழுகிறது. ஐம்பது வயது இயக்குநர் ஒருவர் கூட்டத்தில் 'இதை என்னால் முடிக்க முடியும்' என்று சொன்னால் தலைமைப் பண்பு என்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் அதே குரலில் அதையே சொன்னால் காக்கி என்பார்கள். சில நேரம் அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கும். பல நேரம், நேராகப் பேசியதுதான் அந்தப் பையன் செய்த ஒரே குற்றமாக இருக்கும். இன்னொருவரைப் பற்றிய அறிக்கையில் இந்தச் சொல்லை எழுதுவதற்கு முன், அவர் செய்தது என்ன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத எதுவும் இல்லை என்றால் சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் செருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம், கர்வம், மமதை, அகம்பாவம், தலைக்கனம், திமிர், கொழுப்பு, தெனாவட்டு, மிதப்பு, துடுக்கு, வீறாப்பு, பந்தா என்று சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றுகூடக் காக்கியோடு முழுக்கப் பொருந்தாது. இடம் பார்த்து எடுக்க வேண்டும். இளமைத் தோரணையைச் சொல்லும்போது தெனாவட்டு மிக அருகில் வருகிறது. ஆனால் தெனாவட்டில் அடுத்தவரை மதிக்காத அலட்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஒரு வெற்றி கிடைத்த பிறகு வருகிற காக்கிக்கு மிதப்பு அருமையான சொல். 'அந்த ஒரு மேட்ச் ஜெயிச்சதிலிருந்து மிதப்பிலேயே இருக்கான்' என்றால் கால் தரையில் படவில்லை என்பது கண்முன் தெரிகிறது. வயதுக்கு மீறிப் பேசும் சிறுபிள்ளையைச் செல்லமாகச் சொல்லும்போது துடுக்கு போதும். திமிர், கொழுப்பு இரண்டும் கடுமை கூடியவை. அவற்றைப் போட்டால் ஆங்கிலத்தில் இல்லாத கோபம் தமிழில் வந்துவிடும். அகந்தையும் ஆணவமும் தத்துவச் சாயல் கொண்டவை, ஒரு பையனின் சிரிப்புக்கு அவை பாரம்.

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்ற பழமொழியைச் சிலர் இந்தச் சொல்லுக்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. காக்கியாக இருப்பவனுக்குத் திறமை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. பல நேரம் நிறைகுடமே தளும்பும். ஆமையோடு ஓடிய முயலை நினைத்துப் பாருங்கள். அதன் வேகம் பொய்யா? ஆமையைவிடப் பல மடங்கு வேகமாக ஓடக்கூடியதுதான். வேகம் இருந்ததால்தான் தூங்கலாம் என்ற எண்ணமே அதற்கு வந்தது. முயலிடம் இருந்தது அகந்தையைவிடக் காக்கிக்குத்தான் பக்கம்.

குறளில் 'செருக்கு' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வருவதைப் பார்த்தால், நம்பிக்கைக்கும் மிதப்புக்கும் நடுவே உள்ள கோடு நமக்குப் புதிதில்லை என்பது தெரியும். ஊக்கமுடைமை அதிகாரத்தில், 598ஆம் குறளில், 'உள்ளம் இலாதவர் எய்தார் உலகத்து வள்ளியம் என்னும் செருக்கு' என்கிறார் வள்ளுவர். ஊக்கம் இல்லாதவர்களுக்கு, 'நான் கொடுக்கும் கை உடையவன்' என்று பெருமிதப்படும் பேறு கிடைக்காது என்பது பொருள். இங்கே செருக்கு நல்ல பொருள், ஆசைப்பட வேண்டிய ஒன்று. புல்லறிவாண்மை அதிகாரத்தில், 844ஆம் குறளில், 'வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு' என்கிறார். அறிவின்மை எது என்றால், 'எனக்கு அறிவு உண்டு' என்று எண்ணும் அந்தச் செருக்குத்தான். இரண்டு குறளிலும் 'என்னும் செருக்கு' என்றுதான் முடிகிறது. செய்துகாட்டியதன்மேல் வந்தால் பெருமிதம், தன்னைப் பற்றிய எண்ணத்தின்மேல் மட்டும் நின்றால் அறிவின்மை. காக்கி இந்த இரண்டாவது பக்கத்தின் ஓரத்தில் நிற்கிற சொல், முழுக்க உள்ளே போகாத சொல்.

844ஆம் குறளை நினைக்கும்போதெல்லாம் காக்கியின் உறவுக்காரச் சொல்லான 'காக்ஷூர்' எனக்கு நினைவுக்கு வரும். ஷூர் என்றால் நிச்சயம். காக்ஷூர் என்றால் துளி சந்தேகமும் இல்லாமல் தான் சொல்வதே சரி என்று இருப்பது. 16ஆம் நூற்றாண்டில் இதற்கு 'முழுப் பாதுகாப்பான' என்ற நல்ல பொருள்தான் இருந்தது, பிறகுதான் கெட்டது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1933இல் எழுதிய கட்டுரையில், இன்றைய உலகின் அடிப்படைச் சிக்கலே, முட்டாள்கள் காக்ஷூராக இருப்பதும் அறிவாளிகள் சந்தேகம் நிறைந்து இருப்பதும்தான் என்றார். அங்கே அவர் காக்கி என்று போட்டிருந்தால் சரியாக வந்திருக்காது. காக்ஷூர் கருத்தில் இருக்கும் பிடிவாதம், காக்கி ஆளின் தோரணை.

ஓவர்கான்ஃபிடன்ட் என்பதையும் தனியே வைக்க வேண்டும். அது கணக்குத் தவறு. தன் திறமையைத் தப்பாக எடை போடுவது. ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. அவர்கள் வைத்த தேர்வுகளில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள், கீழிருந்து எண்ணினால் நூற்றுக்கு 12ஆவது நிலையில் இருந்துகொண்டு, தாங்கள் 62ஆவது நிலையில் இருப்பதாக நினைத்தார்கள். அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி யாரையும் சீண்டவில்லை, அமைதியாக உட்கார்ந்து ஒரு தாளில் எண்ணை எழுதினார்கள். ஆகவே ஓவர்கான்ஃபிடன்ட், ஆனால் காக்கி இல்லை. மாறாக, சரியாகவே எடை போட்டுவிட்டு, அதைச் சொல்லும் விதத்தால் காக்கி ஆகிறவர்களும் உண்டு.

'ஸ்மக்' என்பது காரியம் முடிந்த பிறகு வருவது. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற திருப்திச் சிரிப்பு அது. 'ஹியூப்ரிஸ்' கிரேக்கச் சொல், எல்லை மீறிய அகந்தை, அளவில் மிகப் பெரியது. பாரசீக மன்னன் செர்க்சிஸ், கிரேக்கத்தின்மேல் படையெடுக்கக் கடல்மீது கட்டிய பாலம் புயலில் அறுந்ததும், கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அதற்குப் பெயர் ஹியூப்ரிஸ். அதைக் காக்கி என்றால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். அதேபோல ஒரு பந்துவீச்சாளரின் அலட்டலை ஹியூப்ரிஸ் என்றால் அதிகப்படி. 'ஸ்வாகர்' இப்போது பாதி பாராட்டாகிவிட்டது, நம் 'கெத்து' அதற்குச் சரியாகப் பொருந்தும்.

பயன்பாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது பெயரடை. ஒப்பிடும்போது காக்கியர், காக்கியஸ்ட். குணத்தின் பெயர் காக்கினஸ். வினையடை காக்கிலி. 'ஹி இஸ் எ பிட் காக்கி' என்று 'எ பிட்' சேர்த்துச் சொல்வதுதான் அதிகம், அது கடுமையைக் குறைக்கிறது. நேர்முகத் தேர்வில், 'ஐ டோன்ட் வான்ட் டு சவுண்ட் காக்கி, பட்' என்று தொடங்கித் தன் சாதனையைச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை என்றால் சரி, திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவே காக்கியாகக் கேட்கும். அலுவல் கடிதத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ இந்தச் சொல்லைத் தவிருங்கள், அங்கே ஓவர்கான்ஃபிடன்ட் போதும். பெண்களைப் பற்றிச் சொல்வது குறைவு, சேவலின் வாடை இன்னும் போகவில்லை. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், இது மேலிருந்து கீழே போகிற சொல்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் வரும்: 'ஐ காட் காக்கி'. மிதப்பில் இருந்துவிட்டேன், அதனால் கோட்டைவிட்டேன் என்று தவறை ஒத்துக்கொள்ளும் வாக்கியம் அது. நான் முன்னால் சொன்ன அந்தத் தம்பி, அடுத்த வருடம் ஒரு சோதனையைச் செய்யாமல் தாண்டிப் போய், ஒரு முழு நாள் வேலையை வீணாக்கினான். அதே மேலாளருக்கு அவன் எழுதிய விளக்கம் இந்த மூன்றே சொற்களில் தொடங்கியது. அவர் பதிலுக்கு ஒரு சிரிப்புக் குறி அனுப்பினார், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாக ஒரு தகவல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'காக்கி' பெயர்ச்சொல்லாகவும் வரும். காக்கட்டூ கிளிக்கு அங்கே அதுதான் செல்லப்பெயர், சிறு விவசாயிக்கும் அதே பெயர். பால்மாடு வளர்ப்பவரை நியூசிலாந்தில் 'கவ் காக்கி' என்பார்கள். அந்த நாட்டுச் செய்தியில் இதைப் பார்த்தால் திமிர் பிடித்த மாடு என்று புரிந்துகொள்ள வேண்டாம், அது ஒருவர் செய்யும் தொழிலின் பெயர்.